வாகை மரத்து ஸ்டூலும் கல்யாண ஜமக்காளமும்

“…அதுலெ நான் எப்படிங்க உக்கார்றது? எனக்கு முட்டி மடங்காதுங்களே,” என்றார் மணியக்காரர்.

போன செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மூன்றாவது அறை. ‘அது’ என்று அவர் சொன்னது ஒரு பவானி ஜமக்காளத்தை. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக, சுவருக்குச் சுவர் விரித்திருந்தது. அதன்மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் நூல் நூற்கிற தக்ளியும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, சம்மணம் போட்டுக்கொண்டு — பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அவர் கையிலும் ஒரு தக்ளி. நூல் அறுந்துகொண்டே இருந்தது, அது வேறு விஷயம்.

“பிரஸிடெண்ட் ஸார், நீங்களும் வந்து உட்காருங்கள்” என்று அவர் கூப்பிட்டார். அதற்குத்தான் இந்தப் பதில்.

முட்டி மடங்காதாம்.

எனக்கு அந்த முட்டியை மூன்று மாதமாக நன்றாகத் தெரியும். கமிட்டி கூடி அளவெடுத்த முட்டி அது. எத்தனை அங்குல உயரத்தில் மடங்கும் என்பது ஆசாரியின் முழக்கோலில் கோடு போட்டு இருக்கிறது. அப்பேர்ப்பட்ட முட்டி திடீரென்று வேலைநிறுத்தம் செய்தால் எப்படி?

கதை அங்கிருந்துதான் ஆரம்பம்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, கடலைக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மூன்று அறைகள், இரண்டு வாத்தியார்கள், நான்கு வகுப்புகள். ஐந்தாவது படிக்க வேண்டுமானால் திருச்செங்கோடு போக வேண்டும். பையன்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு நாலாவதோடு படிப்பு முடிந்தது.

மணியக்காரருக்குப் பாவாயி என்று ஒரு பேத்தி. மகன் வயிற்றுப் பேத்தி. நாலாவது முடிக்கப் போகிறாள். வீட்டுக்கு வருகிற கடிதத்தை மணியக்காரர் அவளை விட்டுத்தான் படிக்கச் சொல்வார். அவருக்கு அச்செழுத்து படிக்க வரும், கையெழுத்து படிக்க வராது. “அடுத்த வருசம் நீ ஊட்டுல இருந்துக்கோ கண்ணு” என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சண்டை போடவில்லை, அழவில்லை. அதற்குப் பிறகு வந்த கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. “அடுத்த வருசத்துக் கடுதாசியெல்லாம் யாரு படிப்பாங்களோ, அவங்களையே இதையும் படிக்கச் சொல்லுங்க” என்று போய்விட்டாள்.

மணியக்காரர்தான் பள்ளிக்கூடக் கமிட்டிக்குப் பிரஸிடெண்ட். உடனே ஐந்தாம் வகுப்பு கேட்டு மனுப் போட்டார். இன்ஸ்பெக்டர் வந்து சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஐந்தாவது தரலாம். இரண்டு காரியம் ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு உட்கார வசதி வேண்டும். அதோ வெளியே உட்கார்ந்திருக்கிறார்களே ஏழு பேர், அவர்கள் உள்ளே வந்து மற்றவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் கிடையாது.”

அந்த ஏழு பேர் சேரியிலிருந்து வருகிற பிள்ளைகள். வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே நடக்கும் பாடத்தைக் காதால் படிப்பார்கள். வெயில் நகர நகர அவர்களும் நிழலோடு நகர்வார்கள். கடிகாரம் இல்லாத பள்ளிக்கூடம் — அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பெரிய வாத்தியார் மணி அடிப்பார்.

ஆக, ஆசனம் செய்யக் கமிட்டி கூடிற்று. மணியக்காரர், நிலக்காரர்கள் இரண்டு பேர், பெரிய வாத்தியார், நான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனை எதற்குச் சேர்த்தார்கள் என்கிறீர்களா? பத்திரிகைக்கு எழுதுகிறவனை உள்ளே வைத்துக்கொண்டால் வெளியே எழுத மாட்டான் என்று ஒரு நினைப்பு. நினைப்பு தப்பு.

மரம் தேட வேண்டியதில்லை. ஏரிக்கரையில் காற்றுக்கு விழுந்த ஒரு வாகை மரம் கிடந்தது. செய்து கொடுக்க நாச்சிமுத்து ஆசாரி இருந்தார். என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதல் கூட்டத்தில் பாதி நேரம் இன்ஸ்பெக்டருக்குக் கை வைத்த நாற்காலியா, கை வைக்காத நாற்காலியா என்பதில் போயிற்று. கை வைத்தது என்று முடிவானது. மீதிப் பாதியில் மணியக்காரர் தன் யோசனையை எடுத்து விட்டார்.

“ஆளுக்கொரு ஸ்டூலுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒரசாது. உள்ள உக்காந்த மாதிரியும் ஆச்சு, சேந்து உக்காராத மாதிரியும் ஆச்சு.”

கேட்டீர்களா? ஒரே ஸ்டூலில் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டார். சட்டத்தையும் சாதியையும்.

கூட்டத்துக்கு டீச்சரம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். குமாரபாளையத்துக்காரர், நெசவுக் குடும்பம். சின்ன வகுப்பும் கைத்தொழிலும் அவர் பொறுப்பு. அவர் எழுந்து நின்று, “ஏனுங்க, மூணு அறையிலயும் மூணு வேலை நடக்குதுங்க” என்றார். “ஒண்ணாவது பிள்ளைக மணல்லெ வெரல் வெச்சு எழுதுதுங்க. அதுகளுக்குத் தரைதான் வேணுமுங்க, அடியில ஒரு மணைப்பலகை இருந்தாப் போதும். பெரிய பிள்ளைகளுக்கு மைக்கூடு வெக்கக் குழியோட சாய்வுப் பலகை வேணுமுங்க. தக்ளி சுத்துற அறையிலெ ஒண்ணுமே வேண்டாமுங்க, கீழ உக்காந்தாத்தான் நூலு நீளும்.”

“மணலையும் ஸ்டூலு மேல வெச்சுட்டாப் போவுது” என்றார் மணியக்காரர். “மூணு அறைக்கு மூணு விதமாமா? எங்க ஊட்டுல எல்லா எடத்துக்கும் ஒரே மாதிரிப் பலகைதானுங்க.”

“ஆமாமுங்க,” என்றார் ஆசாரி, மரத்தைப் பார்த்துக்கொண்டே. “மணியக்காரர் ஊட்டுல அடுப்புக்குப் பக்கத்துல கட்டிலு, முன்கட்டு ஆசாரத்துல ஆட்டுக்கல்லு. எந்த எடத்துக்கு எதுன்னு பாக்கறதே இல்லீங்க.”

மணியக்காரருக்கு அது காதில் விழவில்லை. அல்லது விழுந்தும் விழாத மாதிரி இருந்தார். பிரஸிடெண்டுகளுக்கு அந்தக் கலை தானாக வந்துவிடும்.

அடுத்து ஆசாரி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “ஒசரம் யாரு அளவுக்குங்க?”

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏன் தெரியுமா? எங்கள் பக்கத்தில் எது எடுத்தாலும் முதலில் யாருக்கு என்பது பெரிய விஷயம். கோயிலில் வெற்றிலை பாக்கு முதலில் யாருக்கு, கல்யாணத்தில் சந்தனம் முதலில் யாருக்கு… அப்படியிருக்க, அளவு மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துவிட முடியுமா? பெரிய வாத்தியார் மெதுவாக, “தாங்கள் இருக்கும்போது…” என்று இழுத்தார்.

மணியக்காரர் வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, காலை நீட்டினார்.

ஆசாரி முழக்கோலை வைத்தார். கோடு போட்டார். “எங்களை உட்டுப்புட்டீங்களே” என்று நிலக்காரர்கள் இருவரும் காலை நீட்டினார்கள். பெரிய வாத்தியார் மரியாதைக்கு ஒரு அங்குலம் உள்ளே இழுத்துக்கொண்டு நீட்டினார். என் காலைக் கேட்டபோது எனக்கு வாதம் என்று சொல்லித் தப்பித்தேன். அடுத்த அறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அ, ஆ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முட்டி எங்கே இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பத்து நாளில் முதல் ஸ்டூல் வந்தது. நல்ல வேலைப்பாடு; வழவழப்பில் முகம் பார்க்கலாம். டீச்சரம்மா ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு வாண்டைத் தூக்கி அதன்மேல் வைத்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்த மாதிரி இரண்டு காலும் தொங்கின. சிலேட்டு மடியிலிருந்து வழுக்கி விழுந்து உடைந்தது. அது இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், எறக்கி உடுங்க, எறக்கி உடுங்க” என்று அழ ஆரம்பித்துவிட்டது.

“ஏனப்பா, பிள்ளைகளை அளந்திருக்கக் கூடாதா?” என்று ஆசாரியைக் கேட்டேன்.

“பிள்ளைகளாங்க கமிட்டியில இருக்குது?” என்றார் ஆசாரி.

இதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். நான் படித்த படிப்பெல்லாம் இப்படிப் பிறர் வாயிலிருந்து பொறுக்கியதுதான்.

அந்த ஸ்டூல் வீணாகவில்லை. குடிதண்ணீர்ப் பானை வைக்க அளவெடுத்த மாதிரி இருந்தது. நான்கு கமிட்டி முட்டிகளின் சராசரி உயரத்தில் இன்றைக்கும் பானை கம்பீரமாக வீற்றிருக்கிறது.

ஆனால் மணியக்காரர் விட்டுவிடுவாரா? “சரி, ஒசரத்தைக் கொறைச்சுச் செய்யி” என்றார்.

“கொறைக்கலாமுங்க. ஆனா ஆளுக்கொரு ஸ்டூலுன்னா ஆளுக்கு நாலு காலு வேணுமுங்களே. அத்தனை காலுக்கு நான் எங்க போவேன்? பாதிப் பிள்ளைகளுக்குத்தான் வரும். பெஞ்சுன்னா நாலு காலுல ஆறு பேரு உக்காருவாங்க. எல்லாருக்கும் ஆயிரும்.”

பாதிப் பேருக்குத்தான் ஸ்டூல் என்றால் மீதி யார் என்பதை யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. பெரிய வாத்தியார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வெளியில இருக்கிறதுகளுக்குத் தரை பழகிப்போச்சுங்க” என்றார்.

டீச்சரம்மா குரலை உயர்த்தவில்லை. “அப்ப அஞ்சாவது வராதுங்க,” என்றார். “பாவாயிக்கு நாலாவதோட சரிங்க. நல்லாப் படிக்கிற பிள்ளை, பாவம்.”

அவ்வளவுதான். மணியக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டூல் பேச்சு அன்றோடு முடிந்தது.

ஆசனம் என்றால் உட்காருவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று மாதத்தில் தெளிந்துவிட்டது. யார் எங்கே உட்காரக் கூடாது என்று காட்டத்தான் நம்மவர்கள் மரத்தை இழைக்கிறார்கள். இல்லாவிட்டால் பெஞ்சு என்று முடிவான பிறகும் மனுஷர் தூங்காமல் யோசிப்பாரா? மறுநாளே வந்து, “சேலம் ஜங்ஷன்ல பாத்தனுங்க. நீளமா ஒரே பெஞ்சுதான். ஆனா ஆளுக்கு ஆளு நடுவுல கைப்பிடி வெச்சிருக்கான். அப்படிச் செஞ்சுரலாம்” என்றார்.

“அங்க உக்கார்றவங்க ரயிலு ஏறிப் போயிருவாங்க சாமி,” என்றார் ஆசாரி. “இதுக இங்கயே வளரோணும். கைப்பிடிக்கு நடுவுல வளந்தா அப்புறம் எப்படி வெளிய எடுக்கறது?”

கடைசியில் ஒரு ராஜி. நடு அறையில் சாய்வுப் பலகையோடு பெஞ்சுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே மரம். ஒரு பெஞ்சு மட்டும் பின்னால், சுவரோடு ஒட்டி. அந்த ஏழு பேருக்கு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் தரையிலேயே இருக்கட்டும், மணைப்பலகை போதும் என்று டீச்சரம்மா கேட்டது, மரம் மிச்சமாகும் என்பதால் உடனே சாங்ஷன் ஆயிற்று.

சுவரோரத்துப் பெஞ்சைப் பற்றி டீச்சரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே கொஞ்சம் கோபம்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூட்டம் கலையும்போது அவர் மணியக்காரரிடம், “தக்ளி அறை வெறுந்தரையா இருக்குதுங்க. இன்ஸ்பெக்டரு வாற அன்னிக்கு விரிக்கறதுக்கு உங்க ஊட்டுக் கல்யாண ஜமக்காளத்தைக் குடுங்க சாமி. அந்த நீளத்துக்கு இந்தப் பக்கம் வேற யாருகிட்டயும் இல்லையாமே” என்று மட்டும் கேட்டார்.

மணியக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மகன் கல்யாணத்துக்குப் பவானியில் சொல்லி வைத்து நெய்த ஜமக்காளம் அது. கல்யாணப் பந்தலில் ஜமக்காளம் விரித்தால் எங்கள் பக்கத்தில் அது சும்மா ஒரு விரிப்பு இல்லை. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் நடுவில். தெரிந்தவர்கள் ஓரத்தில். சிலர் தரையில். சிலர் பந்தலுக்கு வெளியே. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பத்து வருஷம் கழித்தும் சண்டை நடக்கும். அந்த ஜமக்காளத்தில் இன்ஸ்பெக்டரோடு தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை மணியக்காரர் அப்போதே கண்ணால் பார்த்துவிட்டார்.

“எடுத்துக்கோ அம்மிணி, அதுக்கென்ன” என்றார்.

போன செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். முதல் அறையில் வாண்டுகள் மணைப்பலகையில் உட்கார்ந்து மணலில் எழுதியதைப் பார்த்துச் சிரித்தார். நடு அறையில் சாய்வுப் பலகையைத் தடவிப் பார்த்தார். “நல்ல வேலை” என்றார். ஆசாரி வாசலில் நின்று கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் சுவரோரத்துப் பெஞ்சு அவர் கண்ணில் பட்டது.

“அந்தப் பெஞ்சுக்கும் இந்தப் பெஞ்சுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு சந்து? வண்டி போகுமா?”

“காத்தோட்டத்துக்குங்க” என்றார் பெரிய வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் அந்த ஏழு பேரையும் பார்த்தார். பேனாவை மூடினார். பையில் போட்டுக்கொண்டார். முன் பெஞ்சிலிருந்த பாவாயி பேனா உள்ளே போவதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மணியக்காரருக்கும் வரவில்லை, அவர் கூரையைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு அறை பாக்கியிருக்குதுங்க” என்றார் டீச்சரம்மா.

மணி அடித்தது. பிள்ளைகள் மூன்றாவது அறைக்கு ஓடினார்கள். கையில் தக்ளியோடு, இடித்துக்கொண்டு, ஜமக்காளத்தில் போய் விழுந்தார்கள். அந்த வகுப்பில் உட்காருவதற்கு டீச்சரம்மா வைத்திருந்த முறை வேறு. மெல்லிய நூல் நூற்பவர்கள் முன்னால். தடித்த நூல்காரர்கள் பின்னால். பள்ளிக்கூடத்திலேயே மெல்லிய நூல் இரண்டு பேருடையது. ஒருத்தி பாவாயி. மற்றவள் சேரியிலிருந்து வருகிற மாரியாயி. இரண்டு பேரும் நடு ஜமக்காளத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இழையை யார் நீளமாக இழுப்பது என்று ஏற்கெனவே போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மணியக்காரர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கல்யாணத்தில் சம்பந்தி உட்கார்ந்த இடம் அது. வாய் திறந்தது; இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டரோ தொப்பியைக் கழற்றி, இவ்வளவு விவாதித்துச் செய்த கை வைத்த நாற்காலியில் அதை உட்கார வைத்தார். பூட்ஸை விட்டார். பிள்ளைகளுக்கு நடுவில் போய்ச் சம்மணம் போட்டார்.

“இது இன்றைக்கு மட்டுமா, நாளைக்குமா?” என்று கேட்டார். பெரிய வாத்தியார் மணியக்காரரைப் பார்த்தார். “சரி, பிரஸிடெண்ட் ஸார், நீங்களும் வந்து உட்காருங்கள். நீங்கள் உட்கார்ந்தால் நாளைக்கும்தான் என்று எழுதிக்கொள்கிறேன்.”

முட்டி மடங்காமல் போனது அப்போதுதான்.

நாற்காலியில் தொப்பி. ஸ்டூலில் பானை. பெஞ்செல்லாம் அடுத்த அறையில். பள்ளிக்கூடத்துக்கே ஆசனம் செய்து கொடுத்த கமிட்டியின் பிரஸிடெண்டுக்கு உட்கார ஓர் இடமில்லை. அவர் நின்றார். இன்ஸ்பெக்டர் தக்ளியைச் சுற்றினார். பேனா பையிலேயே இருந்தது.

“அப்பாரு,” என்று கூப்பிட்டாள் பாவாயி. தாத்தாவைக் கூப்பிடுகிற குரல்தான், கெஞ்சல் ஒன்றும் இல்லை. “இங்கெ எடம் இருக்குதுங்க.”

மணியக்காரர் செருப்பை விட்டார். உள்ளே வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, பேத்திக்குப் பக்கத்தில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். தன் ஜமக்காளத்தின் மேல் தன் துண்டு, துண்டின் மேல் தான். உட்கார்ந்த மாதிரியும் ஆச்சு, உட்காராத மாதிரியும் ஆச்சு.

முட்டி அழகாக மடங்கியது. “நான் எடுத்த அளவு தப்பாதுங்க” என்றார் வாசலில் நின்ற ஆசாரி, என் காதுக்கு மட்டும்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். துண்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மாரியாயியின் இழை அறுந்தது. தக்ளி உருண்டுபோய் மணியக்காரர் முன்னால் நின்றது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, தக்ளியை எடுத்து, இழையைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டாள். துண்டின் ஒரு மூலை அவளுக்கு அடியில். அவளுக்கு அது தெரியவே இல்லை. கண் இழையில் இருந்தது.

மணியக்காரர் குனிந்து பார்த்தார். துண்டைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். பிறகு ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டரின் பேனா எழுத ஆரம்பித்தது.

இடம் விட நகர்ந்தாரா, தள்ளிப் போக நகர்ந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். துண்டை மட்டும் அவர் இழுத்துக்கொள்ளவில்லை.